வேலுமணி மாமாவின் லாரியில் ஏறிய கரும்பொருள்

எருமப்பட்டி,
வியாழன் மதியம்.

மரியாதைக்குரிய வேலுமணி மாமாவுக்கு, உங்கள் அக்கா மகள் மைதிலி கைகட்டி நின்று எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, பண்ணையில் நாலாயிரம் கோழிகள், கிடாக்குட்டி குண்டுமணி எல்லோரும் இந்த நிமிடம் வரை நலம். குண்டுமணியின் நலம் மட்டும் நாளைக் காலை வரைதான் என்று கேள்விப்பட்டேன்.

உங்கள் லாரியில் பேய் ஏறிவிட்டதாகவும், அதை இறக்கக் கருப்பணார் கோயிலில் குண்டுமணியை வெட்டுவதாக நேர்ந்துகொண்டதாகவும் அம்மா சொன்னார். மாமா, அந்தப் பேய் நான்தானுங்க. பாதிப் பேய் என் வகுப்பு அபிநயா.

எல்லாம் பள்ளிக் கண்காட்சியால் வந்தது. கரும்பொருளுக்கும் கரும் ஆற்றலுக்கும் என்ன வித்தியாசம் என்று ஊருக்கே புரிகிற மாதிரி காட்டச் சொன்னார் குருமூர்த்தி சார். திங்கட்கிழமை நீங்கள் மக்காச்சோள லோடோடு வந்து டீ குடித்த நேரத்தில், அபிநயாவை டிரைவர் சீட்டுக்குப் பின்னால் உங்கள் போர்வைக்குள் படுக்க வைத்தேன். எடைமேடையில் லோடு சீட்டில் இருந்ததைவிட ஐம்பது கிலோ கூடுதல். நீங்கள் இறங்கிப்போனதும் அவளும் இறங்கினாள், எடை சரியாகிவிட்டது. சந்தேகப்பட்டு மறுபடி வண்டியை ஏற்றினீர்கள், அவளும் ஏறினாள். மறுபடி ஐம்பது.

"ஏனுங்க அப்புசாமி, மிசினு கெட்டுப்போச்சுங்களா?" என்று கேட்டீர்கள்.

"மிசினு நல்லாத்தானுங்க இருக்குது. உங்க வண்டீலதான் ஆரோ ஏறி ஏறி எறங்கறாங்க" என்று அந்த எடைமேடைக்காரர் சொன்னது சத்தியமான உண்மை.

கரும்பொருள் அபிநயா மாதிரி. கண்ணுக்குத் தெரியாது, எடை மட்டும் காட்டிக்கொடுக்கும். நட்சத்திரக் கூட்டங்கள் சுற்றுகிற வேகத்துக்கு எப்போதோ பிய்த்துக்கொண்டு பறந்திருக்க வேண்டுமாம், அதுதான் இழுத்துப் பிடித்து வைத்திருக்கிறது. மறுநாள் உங்கள் பழைய லாரி டியூபில் நான் வரைந்து வைத்ததில் நீங்கள் பார்த்தது கரும் ஆற்றல். காலையில் உரசிக்கொண்டு நின்ற பெயின்ட் கோழிக்குஞ்சுகள் சாயங்காலம் ஒரு சாண் தள்ளி நின்றதைப் பார்த்து, ஒரு செருப்பை விட்டுவிட்டு ஓடினீர்களே. குஞ்சு எதுவும் நகரலைங்க மாமா, நான் காத்தடிச்சேன், நடுவுல இருக்கற எடம் பெருத்துப்போச்சு. அண்டமும் இப்படி விரிகிறது, அதுவும் வரவர வேகமாக. விரிய வைப்பதுதான் கரும் ஆற்றல். ஒன்று இழுத்துப் பிடிக்கும், மற்றது விலக்கி விரிக்கும். நம் வீட்டில் அத்தை முதல் வகை, உங்கள் லாரி ஆரன் சத்தம் இரண்டாம் வகை.

அண்டம் நூறு முட்டை என்றால் கோழி, லாரி, நட்சத்திரம் எல்லாம் சேர்ந்து ஐந்து முட்டைதான். இருபத்தேழு கரும்பொருள், மீதி அறுபத்தெட்டு கரும் ஆற்றல். இரண்டும் என்னவென்று உலகத்தில் யாருக்கும் இன்னும் தெரியாதாம். தெரியாததுக்கெல்லாம் கிடா வெட்டினால் நாமக்கல்லில் ஆடே மிஞ்சாது. நேற்றே சொல்ல வந்தேன். "மாமா, அது கரும்பொருளுங்க" என்றதும், "பாத்தியா சாமி, உன்ற வாயிலயே வந்துருச்சு, கருப்பணாருதான்" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டீர்கள்.

புட்டிப்பால் கொடுத்து வளர்த்த குட்டி மாமா. அவனை வெட்டுவதை விட்டுவிட்டு என்னைத் திட்டுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இனி உங்கள் லாரியில் கண்ணுக்குத் தெரியாத எடை எதையும் ஏற்ற மாட்டேன். இது குண்டுமணி மேல் சத்தியம்.

அத்தைக்கும் பாப்பா யாழினிக்கும் என் அன்பு. கருப்பணாருக்கு ஒரு கும்பிடு, அவருக்குச் சர்க்கரைப் பொங்கலே போதும் என்று நினைக்கிறேன்.

இப்படிக்கு,
பாதிப் பேய்,
மைதிலி

பி.கு.: கடிதத்தை உங்கள் சீட்டில் வைக்க வந்தபோது, "அருவாளுக்குச் சாணை புடிச்சாச்சுங்களா மச்சான்?" என்று அப்பாவிடம் நீங்கள் கேட்டது காதில் விழுந்தது. எனவே இன்று மீதிச் சோளத்தோடு வெண்ணந்தூர் போகிற வழியில் எடைமேடை இருபது கிலோ அதிகம் காட்டினால் பயப்பட வேண்டாம். தார்ப்பாய்க்கு அடியில் இருப்பவனை அங்கே அபிநயாவின் சித்தி இறக்கிக்கொள்வார். வழியில் அவன் தின்கிற சோளத்துக்கும் கவலை வேண்டாம், மூட்டையில் குறைவது வயிற்றில் இருக்கும், மொத்த எடை மாறாது.