பிரிண்டருக்குச் சூடம் காட்டாத நாள்

“மலைப் பொண்ணு தேன் விக்கும், கடுக்கா விக்கும். கம்ப்யூட்டர்ல இன்னா பண்ணிடப் போவுது?”

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஜெராக்ஸ் கடை வைத்திருந்த ஏழுமலை அண்ணன், என் பி.சி.ஏ. சான்றிதழைக் கையில் பிடித்துக்கொண்டே பக்கத்துக் கடைக்காரரிடம் இப்படிச் சொன்னார். நான் எதிரிலேயே நின்றிருந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். மலைமேல் இருக்கும் கரியாலூரிலிருந்து பஸ்ஸில் தொங்கிப் பட்டம் வாங்கியவள். அந்த ஒரு பேச்சுக்காகவே அந்த வேலையை வாங்கிவிடுவது என்று முடிவு செய்தேன். (முடிவு செய்த மூளையின் லட்சணம் கீழே வருகிறது.)

ஒரு வாரம் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கச் சொன்னார். பார்த்தேன். பார்த்ததில் பாதி பூஜை. மின்னலுக்குப் பயந்து தினமும் மெயினை அணைத்துவிட்டுத்தான் கடையைப் பூட்டுவார். காலையில் மெயினைப் போட்டதும் முதலில் பிரிண்டரை எழுப்பி, அதற்குச் சூடம் காட்டுவார். “சோறு போடுறது அதாம்மா.” சூடம் அணைந்த பிறகுதான் கம்ப்யூட்டருக்கு விடிவு. நான் உள்ளுக்குள் சிரித்துக்கொள்வேன். நெட்வொர்க் பாடத்தில் எண்பத்தேழு மதிப்பெண் வாங்கியவள் பிரிண்டருக்குச் சூடம் காட்டுவதா?

எட்டாம் நாள் சின்னசேலத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு அவர் போக வேண்டியிருந்தது. கடையை என்னிடம் விட்டார். அன்றைக்குச் சமாளித்தால் வேலை எனக்கு. சொதப்பினால் அடுத்த பஸ்ஸில் மலைக்கு. இதை அவர் ஒளிக்காமலே சொல்லிவிட்டுப் போனார்.

நான் மெயினைப் போட்டேன். சூடப் பெட்டியை ஒரு பார்வை பார்த்தேன். நேராகப் போய்க் கம்ப்யூட்டரைப் போட்டேன். அது நன்றாக எழுந்து உட்கார்ந்த பிறகு, போனால் போகிறது என்று பிரிண்டரையும் தட்டினேன்.

முதல் ஆள் வடக்கனந்தல் விவசாயி. சிட்டா ஒரு பிரதி வேண்டும் என்றார். பிரிண்ட் கொடுத்தேன். ஒன்றும் வரவில்லை. மறுபடி கொடுத்தேன். வரவில்லை. அவருக்குப் பின்னால் வரிசை நீண்டது.

பென்டிரைவில் வரும் வைரஸுக்குப் பயந்து, அண்ணனின் அக்கா மகன் அந்தக் கம்ப்யூட்டரில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்டுக் கொடுத்திருந்தான். எனக்கு அது கொண்டாட்டம். கறுப்புத் திரையைத் திறந்து நாலு வரி தட்டினால் பார்ப்பவர்கள் மிரள்வார்கள் அல்லவா? தட்டினேன். பிரிண்ட் சேவையை நிறுத்தி மறுபடி ஓட்டினேன். டிரைவரைப் பிடுங்கிப் புதிதாகப் போட்டேன். ஒவ்வொரு வைத்தியத்துக்குப் பிறகும் ஒரு சோதனைப் பக்கம், வரிசையில் நின்றவர்களின் தாள்கள் எல்லாம் இன்னொரு தடவை.

கடைசியாக, நெட்வொர்க்கில் பிரிண்டர் இருக்க வேண்டிய முகவரிக்கு ‘இருக்கிறாயா’ என்று கேட்கும் கட்டளையைக் கொடுத்தேன். பதில் சடசடவென்று வந்தது. அப்படி ஒரு வேகத்தை நான் கல்லூரியில்கூடப் பார்த்ததில்லை.

“லைன்ல ஒரு கோளாறும் இல்லைங்க. பிரிண்டர் எனக்குப் பதில் சொல்லுது பாருங்க” என்று வரிசைக்கே அறிவித்தேன்.

“உனக்குச் சொல்லுது சரி. எனக்குப் பேப்பரு எப்பம்மா தரும்?” என்றார் வடக்கனந்தல்காரர்.

அந்தக் கடை வரிசையைப் பெருக்கும் பச்சையம்மா அக்கா, துடைப்பத்தோடு எட்டிப் பார்த்தார். “இன்னாடி, காலைலேர்ந்து அதோட மல்லுக்கட்டிக்கினு இருக்க? அண்ணன் மொதல்ல பிரிண்டரத்தான எழுப்புவாரு. நீ அத தூங்க வுட்டுட்டு இத எழுப்பிட்டியா?”

வரிசை சிரித்தது. நானும் ஏளனமாகச் சிரித்தேன். பாதிச் சிரிப்பில் வாய் நின்றுவிட்டது.

கம்ப்யூட்டரையும் பிரிண்டரையும் இணைத்து, ஆளுக்கொரு முகவரி எண் கொடுக்கும் எங்கள் கடை ரவுட்டருக்கு ஞாபகசக்தி கிடையாது. மெயினை அணைத்தால் எல்லாவற்றையும் மறந்துவிடும். காலையில் யார் முதலில் வந்து கேட்கிறார்களோ அவர்களுக்கு இரண்டாம் எண், அடுத்து வருபவருக்கு மூன்றாம் எண். சூடத்தின் புண்ணியத்தில் பிரிண்டர் தினமும் இரண்டாக இருந்தது. கம்ப்யூட்டருக்கும் தாள்களை இரண்டாம் எண்ணுக்கு அனுப்பத்தான் சொல்லி வைத்திருந்தது. இன்று நான் கம்ப்யூட்டரை முதலில் எழுப்பியதால் இரண்டாம் எண் அதற்கே போய்விட்டது. அதாவது காலையிலிருந்து அந்தக் கம்ப்யூட்டர் தன் தாள்களைத் தனக்கே அனுப்பிக்கொண்டிருந்தது. தன்னையே கூப்பிட்டுத் தானே பதில் சொன்னது. பதில் ஏன் வேகமாக வராது? (எண்பத்தேழு மதிப்பெண்.)

பிரிண்டரின் சின்னத் திரையில் பார்த்தேன்: மூன்று. கம்ப்யூட்டரில் இரண்டை மூன்றாக மாற்றினேன். அவ்வளவுதான் வேலை. ஒரு எண்.

காலையிலிருந்து தேங்கிக் கிடந்த அத்தனையும் ஒன்றாகக் கிளம்பின. சிட்டா, சோதனைப் பக்கம், சாதிச் சான்று விண்ணப்பம், சோதனைப் பக்கம், மறுபடி சிட்டா. தாள் தட்டில் நிரம்பி, தரையில் வழிந்து, வாசல்படி வரை போனது. நிறுத்தும் பொத்தான் எது என்று கைக்குத் தெரியவில்லை. வடக்கனந்தல்காரர் தன் சிட்டாவில் பத்தொன்பது பொறுக்கி எடுத்து, “ஊருக்கே குடுக்கணுமாம்மா?” என்று கேட்ட நேரத்தில், பட்டு வேட்டியும் தாம்பூலப் பையுமாக ஏழுமலை அண்ணன் உள்ளே வந்தார்.

தரையைப் பார்த்தார். சூடப் பெட்டியைப் பார்த்தார்.

“காட்டுனியா?”

நான் ரவுட்டர், எண், மறதி எல்லாவற்றையும் பத்து நிமிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

“அதத்தாம்மா நானும் சொல்றேன். மொதல்ல அத எழுப்பணும். நாளைக்கு நேரத்தோட வா.”

வேலை கிடைத்துவிட்டது. நான் சரிசெய்ததற்காக இல்லை, சூடத்தின் மகிமையை நிரூபித்ததற்காக. அன்று சாயங்காலமே பிரிண்டருக்கு மாறாத எண் ஒன்றைக் கொடுத்துவிட்டேன். இனி யார் முதலில் எழுந்தாலும் கவலையில்லை. அவரிடம் சொன்னேன். தலையாட்டிவிட்டு, ஒரு சோதனைப் பக்கத்தின் பின்புறம் ‘முதலில் பிரிண்டர்’ என்று எழுதிச் சுவரில் ஒட்டினார்.

பச்சையம்மா அக்காவின் வாய் பஸ் ஏறாமலே கரியாலூர் வந்து சேர்ந்துவிட்டது. இன்றும் எங்கள் வீட்டில் மிக்சி ஓடாவிட்டால் அம்மா என்னைத்தான் கூப்பிடுவார்: “படிச்சவளே, சூடம் காட்டுனியா?”

போன மாதம் கரியாலூரிலேயே என் கடையைத் திறந்தேன். பிரிண்டரின் மாறாத எண்ணை அழியாத மையால் அதன் நெற்றியிலேயே எழுதியிருக்கிறேன். திறப்பு விழாவுக்கு ஏழுமலை அண்ணன் சூடப் பெட்டியோடு மலையேறி வந்திருந்தார். அவர் கண்ணெதிரில் மெயினைப் போட்டேன். நேராகப் போய்க் கம்ப்யூட்டரை முதலில் எழுப்பினேன்.