சிவப்புக்கு அடியில் நீலம்

குருநகர்,
திருநாளுக்கு முந்திய சனிக்கிழமை.

அன்புத் தம்பி கிறிஸ்ரோபருக்கு,

ஆண்டவர் உனக்கும் வசந்தினிக்கும் குறைவில்லாத சுகத்தையும், உனக்கு மட்டும் தனியாகக் கொஞ்சம் பொறுமையையும் தருவாராக. எனக்கு முழங்கால் ஒன்றைத் தவிர மற்றவை நலம்.

நம் ஐயாவின் படகு எஞ்சினைக் கம்பித் தூரிகையால் சுரண்டிச் சிவப்புப் பெயின்ற் அடித்து, அடுத்த மாதம் நீ வந்து ரொறன்ரோவுக்குக் கொண்டுபோய் வரவேற்பறையில் நிறுத்தத் தயாராக வைக்கும்படி கட்டளையிட்டிருந்தாய். கடலில் ஓடவேண்டியதைக் கம்பளத்தின்மீது நிறுத்துபவர்களைப் பற்றி எனக்கொரு கருத்து உண்டு, நேரில் சொல்கிறேன். “வாங்கேக்கையே அது சிவப்புத்தான் அக்கா, எனக்கு வடிவா ஞாபகம்” என்று தொலைபேசியில் சத்தியமும் செய்தாய். வாங்கும்போது நீ தொட்டிலில் கிடந்தாய்.

அந்தச் சத்தியத்தைச் சோதிப்பதற்காக மட்டுமே, எஞ்சின் மூடியின் ஓரத்தில் ஒரு நாணயமளவு இடத்தைத் தண்ணீரில் நனைத்த உப்புத்தாளால் தேய்த்தேன். நம் வழக்கம் உனக்குத் தெரியும். திருநாளன்று பங்குச் சுவாமி படகுகளை மந்திரித்து ஆசீர்வதிக்க வரும்போது எஞ்சின் பழைய பூச்சோடு நிற்பது மானக்கேடு. ஆகவே ஆண்டுதோறும் படகுக்கு அடித்த மிச்சம் அதற்கும் விழும். தேய்த்த இடத்தில் அத்தனை திருநாள்களும் வளையத்துக்குள் வளையமாக வந்து நின்றன: மஞ்சள், பச்சை, கோயில் கதவின் வெள்ளை, நீ கண்ட அந்தச் சிவப்பு. நடுவில் மயிரிழை போல ஒரு கறுப்புக் கோடு. அது பூச்சு அல்ல. நாம் இடம்பெயர்ந்து கிடந்த காலத்தில் படிந்த உப்பும் புழுதியும். நான் எளிதில் கலங்குகிறவள் அல்லள். ஆயினும் அன்று உலையில் அரிசி போட மறந்தேன்.

எல்லாவற்றுக்கும் அடியில் நீலம். எதைப் போன்ற நீலம் என்று கேட்காதே. நான் கண்ட எதைப் போலவும் இல்லை. அதன்மேல் வெள்ளியெழுத்தில் கொம்பனியின் பெயர். ஆர்வ மிகுதியில், பெயின்ற் கரைக்கும் தின்னரைத் தொட்டுத் தேய்த்தேன். முதலெழுத்தின் வால் கரைந்துபோயிற்று. பிறகுதான் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கற்ற இரசாயனத்தைக் கூட்டிக் கழித்துப் பார்த்து, மேல்பூச்சுகளைத் தாளால் தேய்த்தெடுத்துவிட்டு, நீலத்தைப் பஞ்சில் எச்சில் தொட்டுத் துடைப்பதே உத்தமம் என்ற முடிவுக்கு வந்தேன். அந்நேரம் பார்த்து நம் சித்தப்பாவின் மகன் செபநாயகம் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தான்.

“என்ன அக்கா, எஞ்சினுக்குத் துப்புறியள்? அவ்வளவு கோவமோ?”

“துப்பேல்லையடா, துடைக்கிறன். போய் உன்ரை வலையைப் பார்.”

“ஓ, பேராதனைக் கம்பசிலை இதைத்தானோ படிப்பிச்சவை?”

அவனோடு கதைத்து என்ன பயன்? ஒரு மாதமாக வாய் வறண்டு, மூடி முழுவதையும் மீட்டிருக்கிறேன் தம்பி. வாங்கிய அன்று ஐயா பார்த்துக்கொண்டு நின்ற அதே நீலத்தை இப்போது நானும் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். அதை அப்படியே காத்தவை, நாம் கேலி செய்து சிரித்த அந்த மலிவுப் பூச்சுகள்தாம். ஆகவே உன் சிவப்பை அங்கேயே மறந்துவிட்டு வா. இனி இதன்மேல் ஒரு சொட்டுப் பெயின்றும் படக்கூடாது. உன் வீட்டுக் கம்பளத்தில் நிற்கட்டும், போகட்டும். ஆனால் நீலமாக நிற்கவேண்டும்.

வசந்தினிக்கு என் அன்பு. அன்னை மரியாள் உங்களைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாளாக.

உன் அக்கா,
பிலோமினா

பி.கு.: இதை நான் உள்ளே இருந்து எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் செபநாயகம் முற்றத்துக்கு வந்து போயிருக்கிறான். “எஞ்சின் உரிஞ்சுபோய் அம்மணமாய் நிண்டுதக்கா. நாளைக்குச் சுவாமி வந்து கண்டா எங்களுக்கெல்லோ வெக்கம்! படகுக்கு அடிச்ச மிச்சம் கிடந்தது, வடிவா ரெண்டு தரம் அடிச்சு விட்டன்” என்கிறான். அவனை ஏசவும் வழியில்லை. மலிவுப் பூச்சின் பெருமையை மேலே நானே எழுதி வைத்திருக்கிறேன். நீ வந்து பார்க்கும்போது எஞ்சின் சிவப்பாகத்தான் இருக்கும். உடனே வென்றுவிட்டதாக நினைக்காதே. எனக்கு இன்னும் எச்சில் வற்றவில்லை.