சீனமும் போடோவும், என் மூன்று பற்களும்

மைசூர்,
விஜய வருஷம் ஆவணி 14.

ஸ்ரீமான் அத்திம்பேர் அவர்கள் திருவடிகளில் மைத்துனன் நம்பி தெண்டன் சமர்ப்பித்து எழுதிக்கொண்டது. இங்கே செலுவம்பாவும் குழந்தை யதுகிரியும் சௌக்கியம். நானும் சௌக்கியம் என்று எழுதினால் பொய்யாகும். அசௌக்கியம் என்று எழுதினால் அக்கா அடுத்த வண்டிக்கே கிளம்பிவிடுவாள். இரண்டுக்கும் நடுவில் இருக்கிறேன் என்று வைத்துக்கொள்ளவும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள், 'அத்திம்பேருக்கு உடம்பு கவலைக்கிடம், நம்பி உடனே புறப்படவும்' என்று தாங்களே தங்களைப் பற்றி எனக்கு ஒரு தந்தி கொடுக்க வேண்டும். முப்பது வருஷம் தந்தி மாஸ்டராக இருந்து ஒரு பொய்த் தந்திகூட அடிக்காதவரிடம் இதைக் கேட்பது அபசாரம்தான். ஆனால் காரணத்தைப் படித்து முடிப்பதற்குள் தங்களுக்கு நிஜமாகவே உடம்பு கெட்டுவிடும். பொய் சொன்ன தோஷம் இராது.

யதுகிரிக்குத் தாங்கள் பார்த்துச் சொன்ன மேல்கோட்டை வரன் விஷயம். பையனின் தகப்பனார் கேசவமூர்த்தி ஸ்வாமி போன மாதம் பெண் பார்க்க வந்தார். அவர் வம்சத்தில் தொட்டில் குழந்தைகூட தர்க்கம் படித்துவிட்டுத்தான் அழும் என்று தாங்களே எழுதியிருந்தீர்கள். அடியேனோ எஸ்.எஸ்.எல்.சி.யை இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, பட்டு இலாகாவில் கூட்டுப்புழுவுக்குக் கணக்கெழுதுகிற குமாஸ்தா. சொஜ்ஜி, பஜ்ஜி ஆனது, யதுகிரி ஒரு கீர்த்தனை பாடினாள், எல்லாம் சுபம். அத்தோடு எழுந்து போயிருக்கலாம். அவர் அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டு, "தேவரீருக்கு எதிலே பரிச்ரமம்?" என்று கேட்டுவிட்டார். எந்த சாஸ்திரத்தில் உழைத்திருக்கிறாய் என்று அர்த்தமாம். எனக்குத் தெரிந்த உழைப்பெல்லாம் கார்ப்பரேஷன் குழாயில் தண்ணீர் பிடிப்பதுதான். சுற்றுமுற்றும் பார்த்தேன். எதிர்ச் சுவரில் சீனப் பல் டாக்டர் லியாங் கொடுத்த காலண்டர் தொங்கியது. ஜன்னலுக்கு வெளியே கிணற்றடியில் எங்கள் குடித்தனக்காரர் பிரம்மா சட்டை துவைத்துக்கொண்டிருந்தார். பிரம்மா என்பது அவர் குடும்பப் பெயர். அஸ்ஸாமிலிருந்து பட்டுப்புழு வளர்க்கப் பயிற்சி எடுக்க எங்கள் இலாகாவுக்கு வந்திருக்கிறார், தாய்மொழி போடோ. (பிரம்மாவுக்கு லோகத்தில் கோயிலே கிடையாது, நம்மாத்துல மட்டும் பின்கட்டு கிடைச்சிருக்கு என்பாள் செலுவம்பா.) என் வாய் என்னைக் கேட்காமலே, "சீன பாஷையையும் போடோ பாஷையையும் ஒப்பிட்டுக் கொஞ்சம் பார்த்திண்டிருக்கேன்" என்று சொல்லிவிட்டது. யாராலும் சரிபார்க்க முடியாத விஷயமாகப் பொறுக்கி எடுத்த சாமர்த்தியத்தை நினைத்து அன்று சாயங்காலம் வரை எனக்கே என்மேல் மரியாதை.

மறுநாள் அவரிடமிருந்து கார்டு வந்தது. அவர்கள் குடும்பத்தில் நிச்சயதார்த்தத்தன்று பெண் வீட்டார் ஒருவர் வித்வான்கள் நடுவில் அரைமணி நேரம் பிரசங்கம் செய்வது வழக்கமாம். அது முடிந்த பிறகுதான் லக்னபத்திரிகை வாசிப்பார்களாம். சம்பந்தி சீனத்தையும் போடோவையும் பற்றிப் பேசப்போவதை நினைத்துப் புளகாங்கிதமாக இருக்கிறதாம். இதற்கு முன் மூன்று ஜாதகம் தட்டிப்போனபோது வாயே திறக்காத யதுகிரி, இந்தக் கார்டைப் படித்துவிட்டு, "தேதி எப்போப்பா?" என்று கேட்டாள். அதைக் கேட்ட பிறகு எந்தத் தகப்பன் உண்மையைச் சொல்வான்?

பிரசங்கம் வேண்டுமென்றால் சரக்கு வேண்டுமே. லைப்ரரியில் ஒரு தடிப் புஸ்தகத்தில் இரண்டு பாஷையும் ஒரே பெரிய குடும்பத்தைச் சேர்ந்தவை என்று ஒரு வரி இருந்தது. அரைமணிக்கு ஒரு வரி போதாது. லியாங்கிடம் போனேன். பல் டாக்டரிடம் போய் உட்கார்ந்துகொண்டு, 'மழைக்கு சீனத்தில் என்ன?' என்று கேட்கக் கூச்சமாக இருந்ததால் பல்வலி என்று சொல்லிவிட்டேன். அவர் நேர்மையான மனுஷர். வலி என்றால் பிடுங்கிவிடுவார். இப்படி மூன்று தடவை போனதில் நாற்பது சீன வார்த்தை சேர்ந்தது, மூன்று நல்ல பல் போனது. அந்த நாற்பதையும் அவர் சொல்லும்போது என் வாயில் பஞ்சு. வீட்டுக்கு வந்து ஞாபகத்திலிருந்து எழுதியதால் அதில் எத்தனை சீனம், எத்தனை பஞ்சு என்று பெருமாளுக்குத்தான் வெளிச்சம். போதாக்குறைக்கு ஒரே 'மா'வை நாலு சுருதியில் இழுத்தால் அம்மா, சணல், குதிரை, வசவு என்று நாலு அர்த்தமாம். யதுகிரி ஸ்வரம் போட்டுக் கொடுத்தாள். கொல்லையில் நின்று சாதகம் பண்ணினேன். பக்கத்து வீட்டு லிங்கம்மா ஒரு கட்டுப் புல்லோடு வந்து, பாவம், கன்று இப்படிக் கதறுகிறதே என்றாள். எங்களிடம் மாடே கிடையாது.

பிரம்மாவிடம் அந்தக் கஷ்டம் இல்லை. கேட்டால் சொல்வார். மூன்றுக்குச் சீனத்தில் ஸான், போடோவில் தாம். சரி, ஒன்றுவிட்ட அண்ணன் தம்பி ஜாடை என்று சந்தோஷப்பட்டேன். அடுத்து, 'பா' என்றால் இவருக்கு ஐந்து, லியாங்குக்கு எட்டு. அந்த மூன்று வித்தியாசம் எங்கே போனது என்று இரண்டு நாள் தேடினேன். பிறகு 'நான் சோறு தின்கிறேன்' என்பதைக் கேட்டு எழுதினேன். போடோவில் நம்மைப் போலவே சோறு முதலில் வந்து தின்பது கடைசியில் வருகிறது. சீனத்தில் தின்பது முன்னால், சோறு பின்னால். பந்தியில் இலை போடுவதற்கு முன்பே வாயை மெல்லுகிற சித்தப்பா நமக்கும் ஒருவர் உண்டுதானே. ஆக, ஆராய்ச்சி என் கையில் ஏறுமாறாக முடிந்தது. போடோவும் தமிழும் சம்பந்திகள், சீனம் யாரோ என்று நிற்கிறது. இதைச் சபையில் சொன்னால் யதுகிரியின் கல்யாணம் அத்தோடு சரி.

கடைசி உபாயமாக, இருவரையும் நேருக்கு நேர் உட்காரவைத்தால் குடும்ப ஜாடை தானாக வெளிவரும் என்று நேற்று லியாங்கைக் காபிக்கு அழைத்தேன். வந்தார், பையோடு. பிரம்மாவும் தலை வாரிக்கொண்டு வந்தார். நான் நோட்டில் நடுவே கோடு போட்டுத் தயாராக இருந்தேன். லியாங் பிரம்மாவைப் பார்த்து, "சென்னாகிதீரா? ஊட்டா ஆய்தா?" என்றார். பிரம்மா, "ஆய்து ஸார், குத்கொள்ளி" என்று நாற்காலியைக் காட்டினார். பிரம்மாவுக்கு முசுக்கொட்டைத் தோட்டத்தில் இலை பறிக்கிற கெம்பம்மா கற்றுக்கொடுத்த கன்னடம். லியாங்குக்கு மார்க்கெட் கன்னடம். ஒரே குடும்பம், பிரிந்து எத்தனை ஆயிரம் வருஷமோ, மைசூரில் ஒரு ஐயங்கார் வீட்டில் சந்தித்து, சாப்பாடு ஆயிற்றா என்று கன்னடத்தில் விசாரித்துக்கொள்கிறது. ஒரு மணி நேரம் மழை, தக்காளி விலை, பஸ் நெரிசல் என்று அளவளாவினார்கள். என் நோட்டில் ஒரு வார்த்தை ஏறவில்லை. புறப்படும்போது லியாங் என் தாடையைப் பிடித்துப் பார்த்து, நாலாவதும் ஆடுகிற மாதிரி இருக்கிறது, நாளைக்கு வாருங்கள் என்றார்.

இதுதான் நிலைமை, நிச்சயதார்த்தமோ அடுத்த ஞாயிறு. இனித் தந்தி ஒன்றே கதி. தங்களுக்கு உடம்பு சரியில்லை என்று நான் ஓடி வந்துவிட்டால், பிரசங்கத்தைத் தள்ளிவைத்து லக்னபத்திரிகையை மட்டும் செலுவம்பாவின் தமையனை வைத்து வாசித்துவிடலாம். என் மானம் எக்கேடும் கெடட்டும். பெண் முகம் வாடக்கூடாது.

அக்காவுக்கு, மிச்சமிருக்கும் இருபத்தொன்பது பல்லும் தெரிய என் நமஸ்காரம். தங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் எதிலும் பரிச்ரமம் என்று சொல்லாதிருக்க மேல்கோட்டை செலுவப்பிள்ளைப் பெருமாள் அனுக்ரஹிக்கட்டும்.

அடியேன்,
நம்பி

பி.கு.: கவரை ஒட்டப் போகிற சமயத்தில் கேசவமூர்த்தி ஸ்வாமியே மேல்கோட்டை பஸ்ஸில் வந்து இறங்கினார். முகம் பேயறைந்தாற்போல் இருந்தது. செலுவம்பா உள்ளே போகிற வரை காத்திருந்து கதவைச் சாத்தினார். "ஸ்வாமி, ஒரு தப்புப் பண்ணிட்டேன். சம்பந்தி பேசற விஷயம் எனக்குத் தெரியாதுன்னு சபையில எப்படிச் சொல்றது? சின்ன வயசுல நானும் அதுல பரிச்ரமம் பண்ணவன்தான், தேவரீர் பேசினதும் நான் மறுத்துப் பேசறேன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். எட்டு நாளா சாதம் எறங்கலை. மொதல்ல ஒண்ணு சொல்லுங்கோ. போடோங்கறது பாஷையா, ஊரா?" என்றார்.

நானும் என் கதையைச் சொன்னேன். பிறகு அவர், இருவரில் யார் பின்வாங்கினாலும் இருவர் மானமும் போய்விடும், அதனால் இந்தச் சம்பந்தத்தை இனி யாராலும் கலைக்க முடியாது என்று தீர்மானமாகச் சொல்லிவிட்டு, இரண்டு டம்ளர் காபி குடித்தார். ஆகையால் தந்தி வேண்டாம். தாங்கள் திடகாத்திரமாக வந்து முன்வரிசையில் உட்கார்ந்து, யார் திணறினாலும் பலமாகத் தலையாட்டவும். தம்முடைய மறுப்பை அவர் ஏற்கெனவே பதினாறு பக்கம் எழுதி முடித்துவிட்டாராம். இங்கேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அதைப் பார்த்துத்தான் என் பிரசங்கத்தை எழுதிக்கொண்டிருக்கிறேன்.