சங்கிலிமுத்துவை ரட்சித்த கதை

"தங்கம், என் சட்டை எங்கன?"

பொன்னுத்தங்கம் பதில் சொல்லவில்லை. கொடியில் கிடந்த சட்டையை எடுத்து உதறி, புருஷன் கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

சங்கிலிமுத்து சட்டையைப் பார்த்தான். அவள் போன திசையைப் பார்த்தான். இந்த வீட்டில் சட்டை கேட்டால் சட்டை மட்டும் வந்ததே இல்லை. "கண்ணு பொடதியிலயா இருக்கு?" என்ற கேள்வியும், முந்தின நாள் ஆடிய சீட்டாட்டமும், அவன் அக்கா தங்கச்சிமார் குணமும் கூடவே சேர்ந்து வரும். வெறும் சட்டை வந்ததும் அவன் அதை மறுபடி ஒருமுறை உதறிப் பார்த்தான்.

பொன்னுத்தங்கத்துக்கு நாரணாபுரத்தில் ஒரு மத்தாப்பு கம்பெனியில் பேக்கிங் வேலை. கூட வேலை பார்த்த ஒருத்தி கூப்பிட்டாளே என்று ஒருநாள் சபைக்குப் போனவள், அங்கேயே ஊன்றிவிட்டாள். விடிந்ததும் பைபிளில் ஓர் அதிகாரம் வாசிக்காமல் பச்சைத் தண்ணீர் பல்லில் படாது. வாசித்ததை அன்றைக்கே செய்து பார்த்துவிட வேண்டும் என்பது அவள் பிடிவாதம்.

ஒரே குறை சங்கிலிமுத்துதான். சிவகாசியில் காலண்டர் அடிக்கும் பிரஸ் ஒன்றில் மெஷின் ஓட்டுகிறவன். சபை இருக்கும் திசையில் தலை வைத்துப் படுக்கமாட்டான். "நான் மட்டும் மோட்சத்துக்குப் போயி, அங்கன யார்கூடச் சண்டை போட?" என்று பாஸ்டரம்மாவிடம் அவள் அழுதிருக்கிறாள்.

அவனை இழுத்துவர வாயால் ஆன மட்டும் பார்த்தாயிற்று. சாப்பிடும்போது நரகத்தைப் பற்றிச் சொன்னாள். படுக்கும்போது நியாயத்தீர்ப்பைப் பற்றிச் சொன்னாள். அவன் இரண்டு நேரமும் நன்றாகத் தூங்கினான்.

அன்று காலை வாசித்தது பேதுரு எழுதிய நிருபம். வசனத்துக்குக் கீழ்ப்படியாத புருஷன்மாரை, மனைவிமார் பேச்சே இல்லாமல் நடத்தையினாலேயே ஆதாயப்படுத்தி வழிக்குக் கொண்டுவரலாம் என்று போட்டிருந்தது. 'பேச்சே இல்லாமல்' என்ற இடத்தில் அவள் விரல் நின்றுவிட்டது.

"ஆண்டவரே, எனக்கா சொல்லுதீக?"

வேறு யாருக்குச் சொல்வார்? தெருவில் அவளைவிட வாய் நீளமான ஆள் கிடையாது. அந்த நிமிஷம் மூடிய வாய்தான்.

மறுநாளும் பேச்சில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. சங்கிலிமுத்து வேண்டுமென்றே செருப்பை அடுப்படிவரை போட்டுக்கொண்டு நடந்து பார்த்தான். ஈரத்துண்டைத் தலையணைமேல் போட்டுப் பார்த்தான். அவள் எடுத்துக் காயப்போட்டாள். அவ்வளவுதான்.

பயந்துபோய் அடுத்த வீட்டு இருளம்மாளிடம் சொன்னான்.

"பேச்சு நின்னுபோச்சுன்னா லேசுல விடக்கூடாது தம்பி. உச்சிவெயில்ல ஓடைப்பக்கமா வந்திருப்பா. காத்துக்கருப்பு பிடிச்சிருக்கும்."

சாயங்காலம் பொன்னுத்தங்கம் வேலை முடிந்து வந்தபோது வாசலில் எலுமிச்சம்பழம், வேப்பிலை, தெருச்சனம் எல்லாம் இருந்தன. நடுவில் எம். புதுப்பட்டிக் கோடாங்கி ஆண்டிச்சாமி உடுக்கையோடு உட்கார்ந்திருந்தார்.

"யாரு நீ? எந்த ஊருல இருந்து வந்திருக்க? சொல்லு!"

பேசவும் முடியாது. ஆண்டவரை மறுதலிக்கவும் முடியாது. பொன்னுத்தங்கம் விரலால் வானத்தைக் காட்டினாள்.

ஆண்டிச்சாமிக்கு முகம் மாறிவிட்டது. "மேல இருந்து வந்திருக்கு. பெரிய இடம்" என்றார்.

அவள் உள்ளே போய்ப் பைபிளை எடுத்து வந்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். அவர் அதைப் பார்த்துவிட்டு உடுக்கையைப் பைக்குள் போட்டார்.

"இது நம்ம டிப்பார்ட்மெண்ட் இல்ல, சங்கிலி."

மாசி மாசத்து அந்த ஞாயிற்றுக்கிழமை விடிந்ததுமே சங்கிலிமுத்து பைக்கை எடுத்துக்கொண்டு எங்கேயோ போய்விட்டான். எங்கே என்று கேட்க வாய் துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு சபைக்குப் போனாள். பாட்டுக்குக்கூட அவள் வாயைத் திறக்காததைப் பார்த்து, ஆராதனை முடிந்ததும் பாஸ்டரம்மா ஓரமாகக் கூட்டிப்போய் விசாரித்தார். பொன்னுத்தங்கம் வசனத்தைத் திறந்து காட்டினாள்.

பாஸ்டரம்மா தலையில் கைவைத்துக்கொண்டார். "அட கிறுக்கச்சி! பேச்சில்லாமன்னா ஊமையா இருக்கச் சொல்லல. நச்சரிக்காதேன்னு அர்த்தம். அன்பா, பணிவா நடந்துக்கிட்டாப் போதும். அதைப் பாத்தே அவரு மனசு திரும்பும்."

இத்தனை நாள் வீணாகிவிட்டதே என்று பொன்னுத்தங்கம் நொந்துபோனாள். வீட்டுக்கு வந்த கையோடு ஒரு விடைக்கோழியைப் பிடித்து அடித்தாள்.

சங்கிலிமுத்து இருட்டும் நேரத்துக்குத்தான் வந்தான். அவனுக்காக வாசலிலேயே நின்றாள்.

"வந்துட்டீகளா? கை காலைக் கழுவிட்டு வாங்க. கோழி அடிச்சிருக்கேன்."

'ஏய்யா' கேட்டே பழகிய காதில் 'வாங்க' விழுந்ததும் அவன் கையிலிருந்த பைக் சாவி நழுவியது. உட்கார்ந்தான். சாப்பிட்டான். அவளையே பார்த்தான். கண் கலங்கியிருந்தது.

"தங்கம், உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சாப்பிட்டுட்டுச் சொல்லுங்க" என்று இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றினாள்.

அவன் ஒரு வாய் வைத்தான். கொஞ்ச நேரம் மென்றான். யோசித்தான்.

"ஒண்ணுமில்ல. உப்பு சரியா இருக்கு."

பாஸ்டரம்மா சொன்னது பலித்துவிட்டதென்று பொன்னுத்தங்கம் அடுப்படிக்குப் போய் ஸ்தோத்திரம் சொன்னாள். கண் கலங்கியதே அடையாளம். இன்னும் கொஞ்சம் தள்ளினால் ஆள் உள்ளே விழுந்துவிடுவான்.

தள்ளத்தான் செலவு பிடித்தது. ஒரு வாரம் கழித்து அவனாகவே ஆரம்பித்தான்.

"ஏன் தங்கம், ஓடிப்போன மகன் திரும்பி வந்தப்ப அவுக அப்பா கொழுத்த கன்னுக்குட்டியை அடிச்சாராமே?"

அவளுக்குப் புல்லரித்தது. "ஆமாங்க!"

"மகன் இன்னும் வீடு வந்து சேரலை, பாதி வழியில வந்துக்கிட்டு இருக்கான்னு வையி. பாதி வழிக்கு என்ன அடிப்பாக?"

பொன்னுத்தங்கம் உண்மையாகவே யோசித்துப் பார்த்தாள். "கோழி?"

"அதான் நானும் நெனச்சேன்."

அடுத்து, ஆண்டவர் தம் சீஷர்களுக்குக் கால் கழுவிவிட்ட விஷயத்தைக் கேட்டான். அன்றிலிருந்து பிரஸ் விட்டு வந்ததும் அவன் காலுக்கு வெந்நீர் வந்தது. விருந்தோம்பல் பற்றி ஒரு சந்தேகம் கேட்டான். கூட வேலை பார்க்கும் முனியராஜ் சாப்பிட வந்தான். முனியராஜ் போய் நாலு பேரிடம் சொல்ல, இருளம்மாள் புருஷன் ஒருநாள் வாசலில் வந்து நின்று தலையைச் சொறிந்தார்.

"நானும் மனந்திரும்பலாமான்னு யோசிக்கேன் தாயி. கோழி எந்தக் கிழமை?"

ரட்சிப்பு நெருங்க நெருங்கக் கோழிக்கூண்டு காலியானது. ஞாயிற்றுக்கிழமையானால் அவன் பைக்கில் எங்கேயோ போய்வந்தான். இந்த லட்சணத்தில் சீட்டுக்கச்சேரியும் வீட்டுக்கே வந்துவிட்டது. ஆட்டத்துக்கு நடுவே, "தங்கம், டீ" என்று குரல் வரும்போதெல்லாம் அவள் முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள். பழைய பொன்னுத்தங்கம் தொண்டைவரை வந்துவிட்டுத் திரும்பிப் போவாள்.

ஒருநாள் விடிகாலையில் அதே ஓடிப்போன மகன் கதை வாசிப்புக்கு வந்தது. இந்தமுறை அவள் கண் மூத்தவன்மேல் போய் விழுந்தது. தம்பிக்கு விருந்து நடக்கும்போது உள்ளே வராமல், வெளியில் நின்று, தான் உழைத்ததையெல்லாம் சொல்லிக்காட்டுகிறவன்.

"நானும் அப்படித்தான முறைச்சுக்கிட்டு நிக்கேன் ஆண்டவரே" என்றாள். "குழம்பை ஊத்துதேன். மனசுக்குள்ள வைதுக்கிட்டேதான ஊத்துதேன்?"

வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். அவனுக்குச் செய்கிறதைக் கூலி கேட்காமல் செய்ய வேண்டும் என்று தோன்றியது. அவன் திரும்பாமலே போனாலும்கூட. எட்டிப் பார்த்தாள். கையை மடக்கித் தலைக்கு வைத்து அவன் தூங்கிக்கொண்டிருந்தான். நகக்கண்ணில் காலண்டர் மை. இத்தனை வருஷத்தில் அவள் ஏசின ஏச்சுக்கு இந்த மனுஷன் ஒருநாளும் கை ஓங்கியதில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது.

அந்த வாரமே அது நடந்தது. மத்தியானம் கம்பெனிக்குப் பின்பக்கம் கரும்புகை எழும்பியது. அந்தப் பக்கத்தில் புகையைப் பார்த்தால் யாரும் என்ன ஏது என்று நின்று கேட்கமாட்டார்கள். எல்லாரும் கேட்டைப் பார்த்து ஓடினார்கள். காட்டில் யாரோ பழைய டயரைப் போட்டுக் கொளுத்தியிருந்தார்கள், அவ்வளவுதான். அதற்குள் செய்தி சிவகாசிவரை போய்விட்டது.

கேட்டுக்கு வெளியே பைக்கைக் கீழே போட்டுவிட்டு ஒரு ஆள் கத்திக்கொண்டு ஓடிவந்தான்.

"ஏசப்பா! ஏசப்பா! எந் தங்கம்!"

சங்கிலிமுத்து. கையெல்லாம் மை. அவளைக் கண்டதும் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டான். "உனக்கு ஒண்ணும் ஆகலையே?"

அவளுக்கும் அழுகை வந்துவிட்டது. ஆனாலும் காது தப்பவிடவில்லை. "இப்ப என்ன சொல்லிட்டு வந்தீக?"

"எப்ப?"

"ஏசப்பான்னீகளே."

அவன் திருதிருவென்று விழித்தான். கேட்டருகே நின்ற வாட்ச்மேனைக் காட்டினான். "கேட்டைத் தொறக்காட்டி ஏசுவேம்ப்பான்னு இவரைச் சொன்னேன்."

"கேட்டு தொறந்துதான் கெடக்கு. என்னைய யாரும் ஏசலையே" என்றார் வாட்ச்மேன்.

பொன்னுத்தங்கத்துக்கு அதற்குமேல் சாட்சி வேண்டியிருக்கவில்லை. அன்றைக்கே பாஸ்டரிடம் போனாள். பாஸ்டர் வீட்டுக்கு வந்து சங்கிலிமுத்துவிடம் நேராகவே கேட்டார். அவன் மறுக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, "விசுவாசிக்கேன் ஐயா" என்றான். பொன்னுத்தங்கம் ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டே காப்பி போட ஓடினாள்.

"நம்ம சபையில ஞானஸ்நானத் தொட்டி இல்ல" என்றார் பாஸ்டர். "ஆமத்தூர் சபையில இருக்கு. வர்ற ஞாயித்துக்கிழமை அங்கன வச்சுக்கிடுவோம்."

சங்கிலிமுத்து நிமிர்ந்தான். "ஆமத்தூரா? ஆமத்தூர் வேண்டாம் ஐயா."

"ஏன்?"

"தொட்டித் தண்ணி எனக்குச் சேராது. வைப்பாத்துல வச்சுக்கிடுவோம்."

"வைப்பாத்துல எங்கனங்க தண்ணி கெடக்கு? முங்கினா மணலுதான் மூக்குல ஏறும்" என்றாள் பொன்னுத்தங்கம்.

"அப்ப ராமேஸ்வரம் போவோம்."

கடைசி நேரத்தில் பிசாசு ஆளைப் பிடித்து இழுக்கிறது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. விடவில்லை. கூண்டில் மிஞ்சியிருந்த ஒரே சேவலையும் சனிக்கிழமை அடித்தாள். அவன் இரண்டாம்தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டானே தவிர முகம் தெளியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பைக்கில் பின்னால் உட்கார்ந்து, அவன் எங்கேயும் திரும்பிவிடாதபடி இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஆமத்தூர் போய்ச் சேர்ந்தாள். சங்கிலிமுத்து இறங்கும்போதே துண்டைத் தலையோடு போர்த்திக்கொண்டான். தொட்டிப் பக்கம் போகாமல் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினான். "கூச்சப்படாதீக, நான் இருக்கேன்ல" என்று கையைப் பிடித்து முன்னால் கொண்டுவந்து நிறுத்தினாள். அவளுக்கு நெஞ்சு நிறைந்து கண் மறைத்தது.

தொட்டிக்குத் தண்ணீர் நிரப்பி, முங்குகிறவர்களுக்கு வெள்ளைத்துணி எடுத்துக் கொடுக்கும் ராமுத்தாய் என்ற அம்மாள் வரிசையாகக் கொடுத்துக்கொண்டே வந்தாள். சங்கிலிமுத்துவிடம் வந்ததும் நின்றாள். குனிந்து, துண்டுக்குள் இருந்த முகத்தை எட்டிப் பார்த்தாள். பிறகு வாய்விட்டுச் சிரித்தபடி பொன்னுத்தங்கத்தைப் பார்த்துச் சொன்னாள்:

"ஆத்தாடி, இவரு எத்தனை தடவைதான் முங்குவாரு? பொண்டாட்டி பேச்சு நின்னுபோச்சுன்னு அழுதுக்கிட்டு வந்து மாசி மாசமே இந்தத் தொட்டியில முங்கி எந்திரிச்சவராச்சே! 'வீட்டுல சொல்லியாச்சாய்யா'ன்னு நான் கேக்கிறப்பெல்லாம், 'அவ இப்பத்தான் என்னைய ருசியா ரட்சிச்சுக்கிட்டு இருக்கா, கெடுத்துராதீக'ன்னுல்ல சொல்லிக்கிட்டுத் திரியுறாரு!"