போர்டு பார்த்து மூச்சு விடுபவர்

எண்ணில் வராத எதுவும் உலகத்தில் இல்லை என்று நம்பும் இனம் ஒன்று உண்டு. ஜுரமா என்று கேட்டால் நெற்றியில் கை வைக்கமாட்டார்கள். தெர்மாமீட்டரைத் தேடி வீட்டையே புரட்டுவார்கள். உங்கள் தெருவிலும் அப்படி ஒருவர் இருப்பாரே? மாரிகுப்பத்தில் அவருக்குப் பெயர் சுந்தரராஜ்.

ரிட்டயரானவர். காற்றிலுள்ள ஃபார்மால்டிஹைடு என்ற நச்சுவாயுவைத் தானாகவே அளந்து போர்டில் காட்டும் மெஷின் ஒன்றை நகராட்சியிலிருந்து வந்து அவர் வாசலெதிரே நட்டுவிட்டுப் போனார்கள். யாரும் கேட்காமலே சுந்தரராஜ் அதற்குக் காவலரானார். துணி உலர்த்துவது, வாக்கிங் போவது, விருந்தாளியை வாசலில் நிறுத்திப் பேசுவது எல்லாமே போர்டின் உத்தரவுப்படி. பச்சை எரிந்தால் நெஞ்சு நிறைய இழுப்பார். சிவப்பு எரிந்தால்? மூக்கில் கைக்குட்டை.

மகள் நிக்கோலுக்கு நிச்சயதார்த்தம் வந்தது. வாசலில் ஷாமியானா, ஓரத்தில் பிரியாணி அடுப்பு. ஆண்டர்சன்பேட்டையிலிருந்து மாப்பிள்ளை லாய்டும் அவன் அம்மா ஜாயும் வந்திருந்தார்கள். பாஸ்டர் கண்ணை மூடி ஜெபத்தைத் தொடங்கினார். சுந்தரராஜ் மூடவில்லை. விறகுப் புகை மெஷின் பக்கம் திரும்பியது, போர்டு சிவந்தது.

“ஆமென்! எல்லாரும் உள்ள வாங்க!” என்று பாஸ்டரின் ஜெபத்தை இவரே முடித்துவைத்தார்.

உள்ளே என்றால், நிச்சயத்துக்காகவே சுவர் முழுக்கப் புது பிளைவுட் அடித்து, பசை வாடைகூடப் போகாத ஹால். கதவையும் ஜன்னல்களையும் அவரே இறுகச் சாத்தினார். சற்று நேரத்தில் பாஸ்டர் மூக்கை உறிஞ்சினார். லாய்ட் கண்ணைக் கசக்கினான். சுந்தரராஜின் மனைவி ஐடாவுக்குத் தாரை தாரையாகக் கண்ணீர்.

ஜாய் மோதிரப் பெட்டியை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டார்.

“இன்னா சம்பந்தி, எங்க வூட்டுக்குப் பொண்ணு குடுக்கறதுக்கா இப்படி அழறீங்க? இஷ்டம் இல்லன்னா சொல்லிடுங்க, போயிடறோம்.”

நிக்கோல் பதறினாள். “டாடி! நீங்க பயப்படற கேஸ் இந்தப் புது பிளைவுட்டு பசையிலதான் ஜாஸ்தி. கதவத் தொறங்க!”

“இங்க மெஷின் எங்கம்மா இருக்குது? மெஷின் இல்லாத எடத்துல கேஸ் எப்படிம்மா வரும்?”

“அப்ப உங்க கண்ணுல ஊத்தறது இன்னாங்க?” என்றார் ஐடா.

சுந்தரராஜ் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தோல்வியை ஒப்புக்கொள்ள மனமில்லை.

“ஆனந்தக் கண்ணீரு.”

ஜாயின் முகம் மலர்ந்தே விட்டது. பெட்டி வெளியே வந்தது. நிக்கோல் கதவைத் திறக்க, கூட்டம் தள்ளிக்கொண்டு வாசலுக்குப் பாய, மெஷின் சிவப்பாக எரிய, அதன் அடியிலேயே மோதிரம் மாறியது. வாசற்படியில் நின்ற தகப்பனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. மூச்சை அடக்கி ஓடிவந்து இரண்டு பேர் தலையிலும் கை வைத்தார். உதடு துடித்தது, வாழ்த்த வாயைத் திறந்தால் காற்று உள்ளே போய்விடுமே! கன்னம் உப்ப, கண் பிதுங்க, அப்படியே வாழ்த்திவிட்டு உள்ளே ஓடினார்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். இன்று காலை கண் விழித்ததும், ராத்திரி நன்றாகத் தூங்கினோமா என்று எதைக் கேட்டீர்கள்? உடம்பையா, கையில் கட்டியிருக்கும் வாட்ச்சையா?