நிழல் விழாத கோபுரம்

இலங்கையின் அப்புத்தளை மலையில் மழைக்கும் அட்டைக்கும் அஞ்சாத மனிதர்கள் உண்டு. ‘பெரிய கோயில்’ வாயைத் திறந்தால் அஞ்சாதவர் ஒருவரும் கிடையாது. நான் கணக்கப்பிள்ளையாக இருந்த தேயிலைத் தோட்டத்தில், மழைத்தண்ணீர் வடியக் கான் வெட்டுகிறவர் அவர். தஞ்சாவூர்ப் பக்கத்து ஆள். எதைக் காட்டினாலும் தஞ்சைப் பெரிய கோயிலைக் கொண்டுவந்து பக்கத்தில் நிறுத்திவிடுவார். கடைசியில் அதுவே அவர் பெயராகிவிட்டது. “பெரிய கோயில் எங்கேடா?” என்பார் கங்காணி. “காய்ச்சல்ல படுத்திருக்குங்க” என்று பதில் வரும்.

லயத்து வரிசை வீடுகளில் இருந்த ஆட்கள் மாரியம்மனுக்குக் கோயில் கட்டப் புறப்பட்டபோது, கல் அடுக்கத் தெரிந்தவர் இவர் ஒருவர்தான். விடுவாரா?

“உச்சிக்கல்லு ஒத்தைக் கல்லா இருக்கணும். மண்ணைச் சரிவாக் கொட்டி, அதுமேல இழுத்துத்தான் ஏத்தணும். தஞ்சாவூர்ல அப்படித்தான்!”

கோபுரமோ என் தலைக்கு மேல் ஒரு முழம். நாலு பேர் கையாலேயே தூக்கி வைத்திருக்கலாம். சரிவு கொட்டியே எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் போயின.

கல் ஏறிய பிறகு தோட்டத்து வெள்ளைக்காரத் துரை வந்தார். கோயிலுக்குக் கீழே அவருடைய ரோஜாப் பாத்தி. வெயில் படாவிட்டால் பூக்குமா? “நிழல் விழுந்தா கோயில் ஒடைக்கும்” என்றார், தமக்குத் தெரிந்த தமிழில். நாங்கள் கையெடுத்துக் கும்பிட்டோம். இவர் மட்டும் நெஞ்சை நிமிர்த்தினார்.

“எங்க கோபுரத்து நிழல் தரையில விழாதுங்க தொரை. தஞ்சாவூர்க் கணக்கு!”

அட பாவி மனுஷா, அது ஊர்க்கதையல்லவா! நல்லவேளை, மறுநாள் துரை பார்க்க வந்தபோது மூடுபனி. நிழலா? கோபுரத்தையே தேட வேண்டியிருந்தது. ஆனால் துரை ஏமாறுகிற ஆளா? வெயில் அடித்த முதல் மாலையே வந்து நின்றுவிட்டார். நிழல் மெல்ல இறங்கிப் பாத்தியைத் தொடப் போனது. கோயில் போயிற்று என்று பெண்கள் அழத் தொடங்கினார்கள்.

பெரிய கோயில் தோளில் போட்டிருந்த கம்பளியை உதறி எறிந்தார். ரோஜாச் செடிகளுக்கு நடுவே போய் மல்லாந்து படுத்துக்கொண்டார். நிழல் அவர் மார்பில் விழுந்தது.

“தரையில எங்கங்க விழுது? எம் மேலதானே விழுது!”

நிழல் நகர நகர இவரும் உருண்டார். முள் கிழித்து முதுகெல்லாம் ரத்தம். துரை முதலில் முறைத்தார். பிறகு அவருக்கும் சிரிப்பு தாங்கவில்லை. “கோயில் இருக்கட்டும். ரோஜா தள்ளி நடு” என்று சொல்லிவிட்டுப் போனார்.

லயத்தில் அவர் முதுகுக்கு மஞ்சள் பற்றுப் போட்டார்கள். எனக்கு ஆத்திரம் ஆறவில்லை. “ஏங்க, கிறுக்கா உங்களுக்கு?” என்று திட்டினேன்.

“தஞ்சாவூர்ல நிச்சயமா விழாதுங்க. அது ராசா கட்டுனது. இங்க நமக்கு ஏதுங்க ராசா? நாமதான் படுத்துக்கணும்.”

அந்த அம்மனைக் கும்பிடும்போதெல்லாம், பாதிக் கும்பிடு அவருக்குத்தான்.