கழுதைத்தலைக் குடும்பத்தின் விண்ணப்பம்

புடாபெஸ்ட்,
வியாழன் இரவு.

மரியாதைக்குரிய லிபோட் மாமாவுக்கு, உங்கள் தங்கை மகள் ஹெர்மின் வணக்கத்துடன் எழுதுவது. அம்மா நலம், அப்பா நலம், தம்பிக்கு இருமல் குறைந்துவிட்டது. நான் மட்டும் நலமில்லை. எல்லோரும் தூங்கியபின் சமையலறையில் ஒளிந்து எழுதுகிறேன். படித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள்.

எங்கள் குடும்பப்பெயர் எஸல்கோப், ஜெர்மனில் கழுதைத்தலை. யூதர்களெல்லாம் குடும்பப்பெயர் வைத்துக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு வந்த காலத்தில், எழுத்தரைக் கவனித்தவர்களுக்கு ரோஜாமலை, தங்கக்கல் என்றெல்லாம் கிடைத்ததாம். எங்கள் கொள்ளுத்தாத்தா வெறுங்கையோடு போய் வாக்குவாதமும் செய்தாராம். அதனால் இன்றும் வகுப்பில் என் பெயரைக் கூப்பிட்டால் பின்வரிசை கழுதைபோல் கத்துகிறது.

போன மாதம் அம்மா, ஹங்கேரியப் பெயருக்கு மாறியே தீரவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். "கல்யாணப் பத்திரிகையில கழுதைத்தலைன்னு போட்டா எவன்யா இவளக் கட்டுவான்?" "எங்க தாத்தா அறுபது வருஷம் இந்தப் பேரச் சுமந்தாருடி!" "கழுதைன்னா சுமக்கத்தானே செய்யும்!" அதோடு அப்பா அடங்கிவிட்டார். ஆனால் அம்மாவின் சீதனத் தலையணை உறை, மேசைவிரிப்பு எல்லாவற்றிலும் 'எ' என்று பூத்தையல் போட்டிருக்கிறதே. எல்லா வீடுகளிலும் செய்வதுபோல நாங்களும் முதலெழுத்தை விடாமல் தேடி, காட்டைக் குறிக்கும் எர்தேஷ் என்ற பெயரைப் பிடித்தோம். அப்பாவுக்கு ஹங்கேரிய மொழி பேசத்தான் வரும் என்பதால் விண்ணப்பத்தை நான் நிரப்பினேன். மாமா, புதுப்பெயர் என்ற இடத்தில் என் கை எக்ரி என்று எழுதிவிட்டது. எகர் ஊர்க்காரர் என்று பொருள். எகரை எங்களில் யாரும் பார்த்ததுகூட இல்லை. அது என் பூகோள டீச்சரின் பெயர். ஒருநாள் என் வரைபடத்தை வகுப்புக்கே தூக்கிக் காட்டினார். அவருக்கு நான் உறவாக இருந்தால் எப்படியிருக்கும் என்று நினைத்தேன், அவ்வளவுதான். "நீ எழுதினா சரியாத்தான் இருக்கும்டி" என்று அப்பா படிக்காமலே கையெழுத்துப் போட்டார். அதை நினைத்தால்தான் முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. டீச்சர் கல்யாணமாகாதவர், எங்கள் கையுறைக் கடைக்கு நேர் மாடியில் குடியிருக்கிறார். அப்பா திடீரென்று அவர் பெயரை வைத்துக்கொண்டால் தெரு என்ன பேசும்?

இன்று அரசாங்க உறை வந்தது. தபால்காரரிடம் வாங்கிப் பாவாடைக்குள் மறைத்துவிட்டேன். ஞாயிறு காலை 'எர்தேஷ் கையுறைகள்' என்ற புதுப் பலகை வருகிறது. சபத் ஓய்வுநாள் முடிந்ததும் சனி இரவு ரயிலில் வந்து, நான் சொல்லும்போது பக்கத்தில் நில்லுங்கள்.

அத்தைக்கும் குழந்தைகளுக்கும் கடவுள் குறையொன்றும் வைக்காதிருக்கட்டும்.

வெட்கத்துடன்,
ஹெர்மின்

பி.கு.: கெண்டி ஆவியில் உறையைப் பிரித்தேன். மாமா, பெயர் மாறவே இல்லை! 'தாங்கள் ஜெர்மனில் எழுதிய இரண்டாம் கடிதத்தில் கேட்டுக்கொண்டபடி விண்ணப்பம் ரத்து செய்யப்படுகிறது' என்று இருக்கிறது. படித்துக்கொண்டிருக்கும்போதே அப்பா வந்து நின்றார். நான் அழுது எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "மாடி வீட்டு எக்ரியா? உங்கம்மா என்னைக் கொன்னே போட்டிருப்பா!" என்றவர் எதிரே உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டார். "தாத்தா கல்லறையில அந்தப் பேருதான்டி இருக்கு. எனக்கு மனசு வரல, நான்தான் வேண்டாம்னு எழுதிப் போட்டேன். பலகைக்குச் சொன்னதுகூட உங்கம்மா வாய்க்குப் பயந்துதான்." இப்போது இருவரும் அம்மாவுக்குப் பயந்து இருட்டில் உட்கார்ந்திருக்கிறோம். நீங்கள் என் பக்கத்தில் நிற்க வேண்டாம். எங்கள் இருவருக்கும் முன்னால் நின்றால் போதும்.